வெலாஸ் எறியும் நாட்கள்

ஏப்ரல் 6, ஞாயிறு

பிரிவு ஒப்பந்தம் எழுதித்தந்த நடுவர் அம்மா, அட்டை தொடர்பாக நடப்பதை இரு தரப்பும் குறித்து வைத்தால் பின்னால் பிணக்கு வராது என்றார். அதனால் இன்று முதல் குறிக்கிறேன்.

ஒரு தரப்பு நான், குலேந்திரன், வயது ஐம்பத்தெட்டு, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மறு தரப்பு சுகிர்தா, முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறைப் பொறுப்பாளர், என் மனைவி. இருபத்தேழு வருடங்கள் ஸ்காபரோவில் ஒரே வீட்டில் இருந்தோம். சண்டை என்று ஒன்றும் இருக்கவில்லை. நான் அவளோடு கதைப்பதில்லை என்பதுதான் அவள் சொன்ன காரணம். அதற்குச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே பதில் சொல்லவில்லை.

வீடு விற்றாயிற்று. புட்டுப்பானையும் இடியப்ப உரலும் அவளுக்கு. தொலைக்காட்சி எனக்கு. பிரிக்க முடியாமல் மிஞ்சியது அட்டை ஒன்றுதான்.

போன டிசம்பரில் நத்தாருக்கு முதியோர் இல்லத்து ஊழியர்கள் சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றிக்கொண்டார்கள். சுகிர்தாவுக்குக் கிடைத்தது ஒரு பக்கற் பேஸ்போல் அட்டைகள். தொப்பி போட்ட பொடியன்களின் படங்கள். வீட்டுக்கு வந்ததும் குப்பையில் போடப் போனாள். கடதாசி மறுசுழற்சிக்கான நீல வாளிக்குள் போகவேண்டும் என்று சொல்லி நான் அவற்றை வாங்கினேன். அப்போது ஒன்று மட்டும் மினுங்கியது. அதில் உண்மையான பேனா மையில் ஒரு கையெழுத்து இருந்தது. ஆகவே கிடைத்தது அவளுக்கு, காப்பாற்றியது நான். பாதிப்பாதி என்றார் நடுவர். இருவரும் சம்மதிக்கும் நாளில்தான் விற்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்.

கையெழுத்து டாரியோ வெலாஸ் என்பவனுடையது. வயது இருபத்தொன்று. அமெரிக்க அணி ஒன்றுக்கு இடது கையால் பந்து எறிகிறான். பெரிய போட்டிகளில் இது அவனுக்கு முதல் வருடம்.

புது அறையின் ஜன்னலால் ஒரு வாகனத் தரிப்பிடம் தெரிகிறது. நல்ல வெளிச்சம்.

ஏப்ரல் 9, புதன்

வேலை முடிந்து சுகிர்தாவும் நானும் அட்டைக்கடைக்குப் போனோம். இரண்டு கார்களில். பிளாசா ஒன்றில் சேலைக்கடைக்கும் டயர்க்கடைக்கும் நடுவில் இருக்கிறது. கடைக்காரர் லியூங், என் வயதுக்காரர். கையுறை போட்டு அட்டையை எடுத்து விளக்கின் கீழ் நாலு மூலையையும் பார்த்தார்.

“முதல் வருட அட்டை, கையெழுத்தோடு. பையன் பெரிய ஆளாக வந்தால் இதுவும் பெரிதாகும். வராவிட்டால் புத்தகத்துக்குள் அடையாளம் வைக்கலாம்” என்றார்.

“எப்போது விற்பது நல்லது?” என்று கேட்டேன்.

“அது தெரிந்தால் நான் ஏன் டயர்க்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறேன்?” என்றார். பிறகு, ஐந்தாம் நாளுக்கு ஒரு தடவை வெலாஸ் எறிவான், பாருங்கள், பார்த்து முடிவெடுங்கள் என்றார். அட்டையைத் தன் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிப் பற்றுச்சீட்டு தந்தார்.

வெளியே வந்ததும் சுகிர்தா, “அப்ப அவன் எறியிற அண்டைக்கு ரெலிபோன் எடுங்கோ. கதைச்சு முடிவெடுப்பம்” என்றாள்.

“ஓம்.”

“சாப்பிடுறீங்களோ?”

“ஓம்.”

என்ன சாப்பிடுகிறேன் என்று அவள் கேட்கவில்லை. கடையில் வாங்கிய பாண்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வெலாஸ் எறிந்தான். எனக்குத் தெரிந்தது கிரிக்கெட். இவன் ஓடிவராமல் ஒரு மண்மேட்டில் நின்றபடியே கையை மடக்கி எறிகிறான். ஊரில் அப்படி எறிந்தால் நோபோல். அடிப்பவன் மூன்று தரம் தவறவிட்டால் வெளியே போகவேண்டும். பலர் போனார்கள். அது நல்லது என்று எடுத்துக்கொண்டேன்.

சுகிர்தாவுக்கு எடுத்தேன்.

“வெண்டுட்டான் போலை” என்றேன்.

“ஓம். விக்கிறதோ?”

“ஒரு மட்ச்தானே.”

“அதுவும் சரி.”

ஒரு நிமிடத்துக்குக் குறைவாகக் கதைத்தோம்.

ஏப்ரல் 18, வெள்ளி

தோற்றான். சுகிர்தா எடுத்தாள். குறைந்த விலைக்கு விற்பது மடைத்தனம், பொறுப்போம் என்றாள். சம்மதித்தேன்.

ஏப்ரல் 23, புதன்

வென்றான். நான் எடுத்தேன். ஏறும் நேரத்தில் விற்பது மடைத்தனம், பொறுப்போம் என்றேன். சம்மதித்தாள்.

மே 4, ஞாயிறு

சுகிர்தாவுக்கு விளையாட்டு என்னைவிட நன்றாக விளங்குகிறது. முதியோர் இல்லத்தில் ஃபேர்கஸ் என்றொரு கிழவர், பேஸ்போல் பார்ப்பதற்காகவே உயிரோடு இருப்பவராம். இரவுச் சாப்பாடு கொடுத்து முடிந்ததும் அவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்க்கிறாள்.

“நாலாவது சுற்றிலை அந்தத் தடியனுக்கு என்ன எறிஞ்சவன் எண்டு பாத்தனீங்களே?” என்று கேட்டாள்.

“வேகமாய் ஒண்டு.”

“இல்லையப்பா. வேகமாய் வாற மாதிரி வந்து, கிட்ட வர விழுந்தது. தடியன் காத்தை அடிச்சவன்.”

விற்பனை பற்றிக் கதைக்க மறந்துவிட்டோம். பிறகு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். “பொறுப்பம்.” நான் “ஓம்” என்று அனுப்பினேன்.

மே 14, புதன்

வெலாஸ் வென்றான். சமையலறையில் இருந்தபடி கதைத்ததில் அடுப்பில் இருந்த தேங்காய்ப்பால் சொதி திரைந்துவிட்டது. என்ன சத்தம் என்று கேட்டாள். சட்டியைக் கழுவுகிறேன் என்றேன்.

“என்ன வைச்சனீங்கள்?”

“சொதி.”

“தேசிக்காய்ப் புளி எப்ப விட்டனீங்கள்?”

“கொதிக்கேக்கை.”

“இறக்கினாப் பிறகெல்லே விடவேணும்” என்றாள். பிறகு, “இருபத்தேழு வருசம் அந்தக் குசினியிலை இருந்துதானே தேத்தண்ணி குடிச்சனீங்கள். ஒருநாளும் பாக்கேல்லையோ?” என்றாள்.

பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்றேன். அது உண்மை.

மே 24, சனி

திரும்பவும் சொதி வைத்தேன். திரையவில்லை. அட்டைக்குத் தொடர்பில்லை, ஆனாலும் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

வன்கூவரில் இருந்து மகள் ஆரணி எடுத்தாள். அவள் கணக்காளர். அட்டையின் விலை போகும் போக்கை இணையத்தில் பார்த்திருக்கிறாள். இப்போது ஒரு நல்ல பழைய கார் வாங்கலாமாம்.

“அப்பா, வில்லுங்கோ. இதுக்கு மேலை ஏறினால் அது அதிர்ஷ்டம். விழுந்தால் மடைத்தனம்.”

“அம்மாவோடை கதைக்க வேணும்.”

“அம்மாட்டைக் கேட்டால் அப்பாவோடை கதைக்க வேணும் எண்டுறா.”

“இரண்டு பேரும் சம்மதிக்க வேணும் எண்டுதான் ஒப்பந்தம்.”

“நீங்கள் இரண்டு பேரும் கலியாணம் கட்டியிருக்கேக்கை ஒரு சோபா வாங்கக்கூட ஒரு வார்த்தை கதைக்கேல்லை” என்றாள் ஆரணி. சோபா நல்ல சோபா. அதை நான் சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

வெலாஸ் ஆரம்பம் முதல் கடைசிவரை தானே எறிந்து வென்றான். இந்தக் காலத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லையாம். ஃபேர்கஸ் கிழவர் அழுதாராம். கதைத்து முடித்தபோது கைபேசி சூடாகியிருந்தது. வெலாஸைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. அவள் 1995 போர்க்கால இடப்பெயர்வில் சாவகச்சேரி வீதியில் மழைக்குள் நடந்ததைச் சொன்னாள். சனத்துக்குள் சிக்கி ஒரு அடி வைக்க எவ்வளவோ நேரம் நின்றது, யாரோ ஒரு தெரியாத மனிசி தன் குடைக்குள் இழுத்துக்கொண்டது. எனக்கு இது தெரியாது. முன்பு சொல்லவில்லையே என்றேன்.

“கலியாணம் கட்டின முதல் வருசம் சொன்னனான்” என்றாள்.

விற்பனை: பொறுப்பது என்று முடிவு.

ஜூலை 9, புதன்

லியூங் வேலைத்தலத்துக்கே எடுத்தார். மொன்றியலில் ஒருவர் அட்டையைக் கேட்கிறாராம். சொன்ன விலையைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சரியாகத்தான் கேட்டிருந்தேன். நாளைக்குள் பதில் வேண்டுமாம்.

“என் அறிவுரை கேட்டால், விற்றுவிடுங்கள். இருபது வருடத்தில் நான் இப்படி மூன்று தரம்தான் சொல்லியிருக்கிறேன்” என்றார்.

இடைவேளையில் சுகிர்தாவுக்கு எடுத்தேன். ஐந்தாம் நாள் இல்லாததால் அவள் பயந்துவிட்டாள்.

“என்ன? என்ன நடந்தது?”

விடயத்தைச் சொன்னேன். அவளுடைய பக்கம் பாத்திரங்கள் கழுவும் சத்தம் கேட்டது.

“உங்களுக்கு என்ன விருப்பம்?” என்றாள்.

“எனக்குப் பிரச்சினை இல்லை. உமக்கு?”

“எனக்கும் பிரச்சினை இல்லை. ஆரணிக்குக் கிட்டப் போகலாம் எண்டு யோசிக்கிறனான். அங்கை வாடகை கூட. உதவும்.”

வன்கூவர் யோசனை எனக்குப் புதிது.

“அப்ப விப்பம்” என்றேன்.

“விப்பம்” என்றாள்.

இரு தரப்பும் சம்மதம்.

ஜூலை 10, வியாழன்

லியூங்குக்கு எடுத்து, சுகிர்தாவுக்கு விருப்பமில்லை, விற்க முடியாது என்றேன்.

“உங்கள் மனைவிக்கா விருப்பமில்லை?” என்று கேட்டார்.

“ஓம்.”

“உங்கள் மனைவிக்கு” என்று திரும்பவும் சொன்னார். பிறகு சரி என்று வைத்தார். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், ஏன் இரண்டு தரம் கேட்டார் என்று தெரியவில்லை.

சுகிர்தாவிடம், வாங்க வந்தவர் பின்வாங்கிவிட்டார் என்று சொன்னேன். “அப்பிடியோ” என்றாள். “பரவாயில்லை விடுங்கோ.” பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

வெலாஸ் இன்னும் ஏறுவான். அதைக் கருத்தில் கொண்டே இப்படிச் செய்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

வெலாஸ் சரியாக எறியவில்லை. இடையில் இரண்டு தரம் கையை உதறினான். சுகிர்தாவும் கவனித்திருக்கிறாள்.

“அந்தப் பெடியனுக்கு ஏதோ செய்யுது” என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

மூன்றாவது சுற்றில் ஒரு பந்து எறிந்தான். அது அடிப்பவனுக்குக் கிட்டவும் போகவில்லை. எறிந்துவிட்டு அப்படியே குந்தி இருந்துவிட்டான். இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். வைத்தியர் ஓடிவந்தார். அவன் எழும்பி, யாரையும் பார்க்காமல் உள்ளே நடந்தான்.

ஆட்டம் முடிய முன்னமே சுகிர்தா எடுத்தாள். விலை பற்றி யோசித்துத்தான் எடுக்கிறாள் என்று நினைத்து, “விழத்தான் போகுது, ஒண்டும் செய்யேலாது” என்றேன்.

“விலையை விடுங்கோ. அவன்ரை முகத்தைப் பாத்தனீங்களோ?” என்றாள். அழுதுகொண்டு இருந்தாள். “அவன்ரை தாய் எங்கையோ இருந்து பாத்துக்கொண்டெல்லே இருப்பா.”

முன்பெல்லாம் சுகிர்தா அழுதால் நான் வெளியே போய்க் காரைக் கழுவுவேன். இப்போது என் கார் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நிற்கிறது, அங்கே தண்ணீர்க் குழாய் இல்லை. தொலைபேசியை வைக்காமல் இருந்தேன். நிற்கிறேன் என்று தெரியட்டும் என்று இடைக்கிடை “ஓம்” என்றேன். கன நேரம் கழித்து, “இருக்கிறீங்களோ?” என்று கேட்டாள்.

“இருக்கிறன்.”

“சரி” என்றாள். மூக்கைத் துடைத்தாள். “சாப்பிட்டுப் படுங்கோ.”

ஆகஸ்ட் 8, வெள்ளி

முழங்கையில் தசைநார் அறுந்துவிட்டதாம். சத்திரசிகிச்சை. அடுத்த வருடமும் விளையாட மாட்டான். லியூங் எடுத்து, கடைசி விலையைச் சொன்னார். பழைய கார் இப்போது பழைய சைக்கிள் ஆகிவிட்டது. ஜூலை மாதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனிதர்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஐந்தாம் நாள். வெலாஸின் இடத்தில் வேறொருவன் எறிந்தான். யாரும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

உடுப்புத் தோய்த்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஃபேர்கஸ் கிழவரின் சுகம் கேட்கலாம் என்று கைபேசியை எடுத்தேன். அவரை எனக்குத் தெரியாது. வைத்துவிட்டேன்.

செப்டெம்பர் 2, செவ்வாய்

சுகிர்தா எடுத்தாள். வன்கூவரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை சரிவந்துவிட்டதாம். அடுத்த மாதம் போகிறாள்.

“நல்லது” என்றேன்.

“அட்டையை வித்துப் போடுவமோ? இனி அதை வைச்சு என்ன செய்யிறது. கணக்கை முடிச்சிட்டுப் போனால் நல்லதெல்லே.”

விலை அடிமட்டத்தில் இருக்கிறது. ஒன்றிரண்டு வருடம் பொறுத்தால், அவன் திரும்பி வந்தால், எவ்வளவோ ஏறலாம். இதையெல்லாம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

“ஓம், விப்பம்” என்றேன்.

செப்டெம்பர் 6, சனி

லியூங் இரும்புப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்து வைத்தார். தானே வாங்கிக்கொள்கிறேன் என்றார். விற்பதற்கில்லை, தன் மேசையில் வைப்பதற்காம். கொடுத்த காசு எங்கள் இருவருக்கும் சரவணபவனில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போதும். நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.

பேனாவை வாங்கிக்கொண்டு அவர், “ஒன்று கேட்கலாமா? எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது” என்றார்.

கேளுங்கள் என்றாள் சுகிர்தா.

“ஜூலையில் மொன்றியல்காரர் கேட்டபோது, காலையில் நீங்கள் எடுத்து, கணவருக்கு விருப்பமில்லை என்றீர்கள். மத்தியானம் இவர் எடுத்து, மனைவிக்கு விருப்பமில்லை என்றார். யாருக்குத்தான் விருப்பமில்லை?”

சுகிர்தா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அட்டைகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எல்லாம் ஹொக்கி விளையாட்டுக்காரர்கள். பக்கத்துக் கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டு இருந்தார்கள். லியூங் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, வியாபாரத்தில் இப்படி நடக்கும்” என்று சொல்லிக்கொண்டு பின்னறைக்குள் போனார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

வெளியே வந்தோம். அவளுடைய கார் கிட்ட நின்றது. திறப்பைக் கையில் எடுத்தவள் கதவைத் திறக்கவில்லை.

“ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?” என்றாள்.

“நீர் ஏன் சொன்னனீர்?”

“நான்தானே முதல் கேட்டனான்.”

சந்தை, விலை ஏறுமுகம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிளாசாவில் சனம் போய்வந்துகொண்டு இருந்தது. சேலைக்கடையில் இருந்து ஒரு குடும்பம் பெரிய பைகளோடு வந்து எங்களை விலத்திக்கொண்டு போனது.

“வித்தால் நீர் எடுக்க மாட்டீர் எண்டு” என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமா என்று தெரியவில்லை.

“இந்த ஒரு வசனத்தை அந்த வீட்டிலை இருக்கேக்கை சொல்லியிருக்கலாம்.”

“அப்ப நீர் வீட்டிலைதானே இருந்தனீர். எடுக்கத் தேவையில்லை.”

இதைக் கேட்டு ஏன் சிரித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

“நானும் அதுக்குத்தான் சொன்னனான்” என்றாள். “ஆனால் நான் வன்கூவருக்குப் போறன். அது மாறாது. வேலைக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஓம். போய் வாரும்.”

“காசை என்ன செய்யிறது?”

“சாப்பிடுவம்” என்றேன்.

சாப்பிட்டோம். அங்கே கதைத்தது அட்டை தொடர்பானது அல்ல. ஆகவே இங்கே எழுதவில்லை. மேசையைத் துடைத்துக் கதிரைகளை அடுக்கத் தொடங்கிய பிறகுதான் எழும்பினோம்.

அட்டை விற்றாயிற்று. நடுவர் சொன்னபடி பார்த்தால் இந்தக் குறிப்பு இத்துடன் முடிய வேண்டும்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

சுகிர்தாவை விமான நிலையத்தில் விட்டேன். புட்டுப்பானை பெட்டிக்குள் அடங்கவில்லை. என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

ஒக்டோபர் 24, வெள்ளி

பேஸ்போல் இறுதிப் போட்டிகள். இரண்டு அணிகளில் ஒன்றிலும் எங்களுக்குத் தெரிந்தவர் இல்லை. அங்கே அவளுக்குப் பின்னேரம், இங்கே எனக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தேன். அங்கே அவளும் அப்படித்தான்.

“ஆருக்கு ஆதரவு?” என்றேன்.

“தெரியேல்லை. அந்த நீலத் தொப்பிக்காரரைப் பாக்கப் பாவமாய்க் கிடக்கு.”

“அப்ப நான் மற்றவைக்கு.”

“ஏன்?”

“இரண்டு பேரும் ஒரு பக்கம் நிண்டால் கதைக்க ஒண்டும் இராது.”

ஏழாவது சுற்றில், நத்தாருக்கு எனக்கு ஒரு கிழமை விடுமுறை இருக்கிறது என்றேன்.

“வாறதெண்டால் எங்கை நிக்கப் போறீங்கள்?”

“ஆரணி வீட்டிலை.”

“அங்கை ஒரு அறைதான். நாயும் நிக்குது.”

“அப்ப ஹொட்டேல்.”

ஒரு அடி, ஒரு பிடி, இன்னொரு அடி. நீலத் தொப்பிக்காரன் ஒருவன் விழுந்து எழும்பினான்.

“என்னட்டை ஒரு சோபா இருக்கு” என்றாள். “நல்ல சோபா எண்டு சொல்லேலாது.”

பரவாயில்லை என்றேன்.

ஒக்டோபர் 25, சனி

வன்கூவருக்கு விமானச்சீட்டு விலை பார்த்தேன். மிகவும் கூட. ஆரணியிடம் கேட்டேன். இப்போது வாங்கவேண்டாம் அப்பா, நவம்பர் கடைசியில் கட்டாயம் குறையும், பொறுங்கோ என்றாள். அவள் கணக்காளர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வாங்கிவிட்டேன்.